பக்கத்து வீட்டு வைஃபை

கட்டாரிலிருந்து கப்பலில் போட்டுக் கொண்டுவந்த ஸ்டீரியோ செட் முபீனுக்கு உயிர். பக்கத்து வீட்டு ஜவாஹிர் வைஃபை எடுத்த நாளிலிருந்துதான் அதன் ஸ்பீக்கர்கள் இரைகின்றன என்பதில் அவனுக்குத் துளியும் சந்தேகமில்லை. ரவுட்டரை வேண்டுமென்றே மதில் பக்கமாக, முபீனின் செட்டுக்கு நேராக வைத்திருக்கிறான். பொறாமை, வேறென்ன! அந்த வைஃபைச் சனியன் நம் வீட்டுக்குள் வரவே கூடாதென்று மனைவி றிஸ்லாவிடம் கண்டிப்பாகச் சொல்லியும் வைத்திருந்தான்.

அசர் தொழுதுவிட்டு வந்து பாட்டைப் போட்டால், மறுபடியும் அதே இரைச்சல். முபீன் ஜன்னலால் கத்தினான்.

“ஜவாஹிர், அந்த வைஃபைய ஒருக்கா நிப்பாட்டு! என்ட செட்டுக்குள்ள பூந்து இரையுது.”

“ஓம் நானா, இந்தா நிப்பாட்டிட்டன். கேட்டுப் பாருங்க.”

முபீன் ஸ்பீக்கரில் காதை வைத்தான். இரைச்சல் கொஞ்சமும் குறையவில்லை. அப்படியென்றால் இவன் நிறுத்தவேயில்லை, பொய் சொல்கிறான். முபீனுக்கு இரத்தம் கொதித்தது.

“கள்ளன், நீ நிப்பாட்டல்ல!” என்று கத்த அவன் வாயைத் திறந்தபோது, குசினி ஜன்னலால் றிஸ்லா ஜவாஹிரின் மனைவியைக் கூப்பிடுவது கேட்டது.

“அஸ்னா, உங்கட வைஃபைக்கு என்ன நடந்த? உம்மாவோட கதைச்சிட்டிருக்கக்குள்ள கட்டாயிட்டே!”