மேஜையை விட்டு நகராதவள்

1

இந்தக் கதையை முதலில் நான் பொய்யாகத்தான் எழுதினேன். அதை ஒப்புக்கொண்டு தொடங்குவதே மரியாதை.

தைவானின் கிழக்குப் பள்ளத்தாக்கில் இருக்கும் எங்கள் ஊரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு நிலம் நடுங்கியது. சந்தைத் தெருவில் நாலு மாடிக் கட்டடம் ஒன்று தன் கீழ்த்தளத்தை நசுக்கிக்கொண்டு சாய்ந்து நின்றது. தீயணைப்பு நிலையத்தின் துணைத் தலைவி வெய் சியு-லான் முதல் வண்டியில் வந்து இறங்கினாள். வயது நாற்பத்தாறு. என் வீட்டுக்குக் கீழ்வீட்டுக்காரி. நான் பத்தொன்பது வருடமாக இந்த ஊர்க்காரன். அன்று தெருமுனையில் வருகிறவர்களுக்கெல்லாம் சோயாப் பால் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

என் முதல் வரைவு இப்படித் தொடங்கியது: ‘அவள் தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டு அந்த இருட்டுப் பொந்துக்குள் ஊர்ந்து—’

அவளிடம் வாசித்துக் காட்டினேன். நூடுல்ஸ் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

“நான் எங்கய்யா உள்ள போனேன்? நாள் பூரா மேஜை பக்கத்துலதானே நின்னேன். கால் வீங்கினதுதான் மிச்சம்.”

“கதைக்கு நல்லா இருக்கும்னு…”

“மேஜையை வச்சு எழுது. எழுத வரலேன்னா விட்டுடு.”

2

[ஒரு மடக்கு மேஜையை வைத்துக் கதை எழுதுவது எப்படி? ‘மேஜை நாலு காலில் நின்றது. அதன் மேல்—’ வேண்டாம்.]

நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பது மணிக்குள் ஐந்து கூட்டம் சேர்ந்துவிட்டது. எங்கள் தீயணைப்புக்காரர்கள், பக்கத்து மாவட்ட மீட்புக் குழு, ராணுவம், கோயில் தொண்டர்கள், சொந்தமாக மண்வாரி எந்திரம் வைத்திருப்பவர்கள். எல்லோரும் நல்லவர்கள், எல்லோருக்கும் அவசரம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி வாக்கி-டாக்கி, தனித் தலைவர். கட்டடத்தின் முன்பக்கம் ஒருவர் உள்ளே தவழ்ந்துகொண்டிருக்க, பின்பக்கம் மண்வாரி ஒரு தூணை இழுக்கத் தொடங்கியது. சியு-லான் ஓடிப்போய் அதன் வாய்க்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகுதான் நான் சோயாப் பால் வைத்திருந்த மடக்கு மேஜையைப் பிடுங்கிக்கொண்டு போனாள். பாத்திரங்களை நான் தரையில் இறக்கி வைத்தேன். மேஜையின் மேல் ஒரு வெள்ளைப் பலகை நின்றது.

“உள்ள போற ஒவ்வொருத்தரும் பேர் அட்டையை இதுல மாட்டிட்டுப் போகணும். வந்ததும் எடுத்துக்கணும். எல்லாருக்கும் ஒரே அலைவரிசை. மூணு விசில் கேட்டா, கையில என்ன இருந்தாலும் போட்டுட்டு வெளிய வாங்க.”

பக்கத்து மாவட்டக் குழுத் தலைவர் கோ ஷெங்-வூ முன்னால் வந்தார். அவளைவிட வயதிலும் பதவியிலும் பெரியவர்.

“இந்தாம்மா, நான் முப்பது பேரோட வந்திருக்கேன். உன்கிட்ட எத்தனை பேரு?”

“ஒம்போது பேர் அண்ணே.”

“அப்ப யாரு பேச்சை யாரு கேக்கறது?”

“நீங்க பொறுப்பை எடுத்துக்கறதுன்னா இப்பவே உங்க பேரைப் போட்டுடறேன். ஆனா பலகையில ஒரு பேருதான் இருக்கும்.”

கோ பலகையைப் பார்த்தார். கட்டடத்தைப் பார்த்தார். தன் அட்டையைக் கழற்றி மாட்டினார்.

“உன் பேரே இருக்கட்டும். நாளைக்கு எல்லாரும் திட்டறதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல.”

3

இரண்டாம் மாடியில் ஒரு தையல்காரம்மா சிக்கியிருந்தாள். அவளிடம் போக ஒரே ஒரு பொந்து. ஒல்லியான ஆள்தான் நுழைய முடியும். மாவட்டத்திலேயே அப்படி ஊர்வதில் கெட்டிக்காரி சியு-லான்தான். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். (இந்த இடத்தில் என் பேனாவும் பார்த்தது. ஐந்து தடவை அவளை உள்ளே அனுப்பினேன். ஐந்து தாளையும் கிழித்தேன்.)

“சியாங், நீ போ” என்றாள். பதினைந்து வருடமாக அவளுடன் வேலை செய்பவன் சியாங்.

“அக்கா, நீங்க போனா சட்டுனு முடிஞ்சிடும்.”

“நான் போயிட்டா இங்க யாரு நிப்பா?”

ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. தையல்காரம்மா உயிரோடு வெளியே வந்தபோது தெருவே கைதட்டியது. சியு-லான் திரும்பிப் பார்க்கவில்லை. சாய்மானி* காட்டும் எண்ணை ஒரு சிப்பாய் வாசிக்க, அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

* கட்டடம் எவ்வளவு சாய்கிறது என்று அளக்கும் சின்னப் பெட்டி. கதாசிரியர்களுக்கும் ஒன்று இருந்தால் தேவலை.

4

இரண்டு மணிக்கு சியாங்கின் குரல் வாக்கி-டாக்கியில் வந்தது. மூன்றாம் மாடிப் பின்பக்கத்தில் யாரோ தட்டும் சத்தம். எந்திரங்களை நிறுத்தச் சொன்னாள். தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டது. மறுபடி எதுவும் கேட்கவில்லை.

“கேட்டுச்சு அக்கா. சத்தியமா கேட்டுச்சு.”

“தண்ணிக் குழாயும் அப்படித்தான் தட்டும்” என்றார் கோ, மெதுவாக.

சிப்பாய் எண்ணை வாசித்தான். அது ஏறியிருந்தது. மறுபடி வாசித்தான். இன்னும் ஏறியிருந்தது. பலகையில் பதினோரு அட்டைகள் தொங்கின.

சியு-லான் மூன்று முறை விசில் ஊதினாள்.

பத்துப் பேர் வந்து அட்டையை எடுத்துக்கொண்டார்கள்.

“சியாங். உன் அட்டை மட்டும்தான் தொங்குது.”

வாக்கி-டாக்கியை வாய்க்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோனாள்.

“கெஞ்சலைடா. உத்தரவு.”

அவன் வந்தான். அட்டையைப் பிடுங்கினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

[கட்டடம் அடுத்த நிமிடமே இடிந்தது என்று எழுதினால் அவள் தெய்வம். இடியவே இல்லை என்று எழுதினால் பாவி. இரண்டும் எனக்கு வசதி.]

நாற்பது நிமிடம் கழித்து இடிந்தது. நாற்பது நிமிடத்தில் தட்டிய ஆளை எட்டியிருக்கலாம். எட்டாமல் பதினோரு பேரும் செத்துப்போயிருக்கலாம். மறுநாள் காலை இடிபாட்டிலிருந்து சைக்கிள் கடை ஃபாங் தியென்-யூவின் உடலை எடுத்தார்கள்.

5

ஒன்பதாம் நாள் மதியம் தியென்-யூவின் அண்ணன் தீயணைப்பு நிலையத்துக்கு வந்தார். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதோ கையெழுத்துக்காக வந்திருந்த கோவும் அங்கே இருந்தார்.

“எல்லாரையும் வெளிய வரச் சொன்னது யாரு?”

கோ எழுந்தார். “எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவுங்க அது.”

“இல்லை” என்றாள் சியு-லான். குச்சிகளைக் கீழே வைத்தாள். “நான்தான் சொன்னேன். என் பேர் வெய் சியு-லான்.”

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அடிப்பார் என்று சியாங் நினைத்தானாம். அவளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். அன்றைக்குப் பிறகு அவன் அவள் பக்கத்தில் வந்தது அப்போதுதான். அவள் அவனை விலக்கினாள்.

“நீங்க வெளிய வந்தப்போ என் தம்பி உயிரோட இருந்தானா?”

தியென்-யூ எப்போது இறந்தான் என்று சொல்லும் மருத்துவரின் அறிக்கை அன்று காலைதான் வந்திருந்தது. அதைப் படித்தவள் அவள் ஒருத்தி. அவரை முற்றத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். தீயணைப்புத் துணிக்குழாய்கள் காயப்போட்டிருந்த சுவரோரம் இருவரும் வெயிலிலேயே வெகுநேரம் நின்றார்கள்.

என்ன சொன்னாய் என்று பிறகு அவளிடம் கேட்டேன்.

“அது அவருக்குச் சொன்னது. உனக்கு இல்லை.”

அந்தப் பதிலை நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் உண்மை, ஒன்றில் கருணை, ஒன்றில்— மூன்றையும் அடித்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் நான் அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவரைப் பார்க்கவில்லை.

ஆகவே இந்த இடத்தில் நான் விலகிக்கொள்கிறேன். முற்றம் இருக்கிறது, வெயில் இருக்கிறது. அறிக்கையில் எது எழுதியிருந்ததாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் கேட்டுவிட்டார், உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

சொல்லுங்கள்.