ஏணியைப் பிடித்தவர்

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. சுவரில் சாய்கிறவர்கள் சாய்ந்துகொள்ளுங்கள், கால் நீட்ட வேண்டியவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். ஒரு முழங்காலின் கதை சொல்லப் போகிறேன். போகிற வழியில் அது வயிற்றெரிச்சலின் கதையாக மாறிவிட்டால் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஒரு பெயிண்டர் இருந்தார். அவரை எல்லோரும் ஏணி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். சுவரும் கூரையும் சேருகிற இடத்தில் இரண்டு நிறங்கள் முட்டிக்கொள்ளும் இல்லையா, அங்கே மற்றவர்கள் டேப் ஒட்டிக்கொண்டு பூசுவார்கள். இவருக்கு டேப் ஆகாது. ஏணி உச்சியில் நின்று, மூச்சைப் பிடித்து, பிரஷை ஒரே இழுப்பாக இழுப்பார். கத்தியால் கீறினது போல் கோடு விழும். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. "பிடிச்சியா மாப்ளே?" என்று மேலிருந்து ஒரு குரல், "பிடிச்சிட்டேன் மாமா" என்று கீழிருந்து ஒரு குரல். பல வருஷம் அப்படித்தான் ஓடியது.

அவ்வளவு உயரத்தில் ஒரு நாளும் தவறாத மனுஷன், சொந்த வீட்டுக் குளியலறையில் சோப்புத் தண்ணீரில் வழுக்கினார். முழங்காலுக்குள் சவ்வு கிழிந்துவிட்டது. காலில் கட்டு, கையில் ஊன்றுகோல், வாயில் எந்நேரமும் ஒரு முனகல். கட்டு அவிழ்ந்த பிறகு பயிற்சி கொடுக்க வந்த பெண் கறாரானவள். "வலிக்குதுன்னு உக்காந்தீங்கன்னா கால் மரக்கட்டையா போயிடும். வேலைக்குப் போங்க, நின்ன இடத்துல எதையாவது கெட்டியா பிடிச்சிக்கிட்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க. ஆனா ஏணி கூடாது. நான் சொல்ற வரைக்கும் கூடவே கூடாது."

ஆக, ஏணி அண்ணன் கீழே நின்றார், மச்சினன் மேலே போனான்.

இரண்டு காலையும் விரித்து நிற்கிற பழைய மர ஏணி அது. மேலே சேரும் இடத்தில் மூட்டு தளர்ந்திருந்தது. "உங்களுக்கும் ஏணிக்கும் ஒரே வியாதிதான் மாமா" என்று மச்சினன் சிரித்துக்கொண்டே ஏறினான். கீழே நிற்கிறவருக்கு என்ன தெரியும் என்று நினைக்கிறீர்கள்? மேலே இருப்பவனின் உள்ளங்கால் தெரியும், கால்சட்டையின் கிழிசல் தெரியும். மிச்சமெல்லாம் கழுத்து வலிக்க அண்ணாந்தால்தான். அவர் அண்ணாந்தார். இவன் எப்படியும் கோணலாகத்தான் இழுப்பான், "மாமா, உங்களை மாதிரி வராது" என்பான், அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தார்.

கோடு நேராக வந்தது. நேராக மட்டுமா, மூலையில் திரும்புகிற இடத்தில் இவர் எப்போதும் ஒரு நொடி தயங்குவார், அவன் அதுவும் தயங்கவில்லை. இத்தனை வருஷம் கீழே நின்று வேடிக்கை பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறான், திருட்டுப்பயல்.

வீட்டுக்காரம்மா உள்ளே வந்தார். அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "டேப் ஒட்டாமலா? ஏணி அண்ணன்னு சொன்னாங்களே, அது நீங்கதானா?"

மேலே இருந்தவன் சிரித்தான். சிரித்தானே தவிர, இல்லையென்று சொல்லவில்லை. பிரஷ் ஈரமாக இருந்தது, அவன் கவனம் அதில் இருந்தது. இதெல்லாம் எனக்கும் உங்களுக்கும் புரிகிறது. ஏணியைப் பிடித்திருந்தவருக்குப் புரியவில்லை. பேரையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டான் என்றுதான் பட்டது.

சாயங்காலம் மனைவி முழங்காலில் ஐஸ் பையை வைத்தபடி, "தம்பி கோடு உங்க கோட்டையே தூக்கிச் சாப்பிட்டுடுச்சாமே?" என்றாள்.

"யார் சொன்னது?"

"அவன்தான். பயந்துட்டே ஏறினேன்க்கா, எப்படியோ வந்துடுச்சுன்னான். சந்தோஷமா இருக்கான், பாவம்."

"ஐஸை எடு, குளிருது" என்றார். குளிரவில்லை. நெஞ்சுக்கூட்டில் அடுப்பு எரிகிறவருக்கு முழங்காலில் ஐஸ் என்ன செய்யும்?

மறுநாள் காலை அவர் பயிற்சியை ஆரம்பித்தார். பிடித்துக்கொள்ளக் கெட்டியாக ஒன்று வேண்டுமே, ஏணி கையில்தானே இருக்கிறது. மேலே ரோலர் ஓடிக்கொண்டிருந்த நேரம், குதிகாலைத் தூக்கினார், இறக்கினார். ஏணி லேசாக முனகியது. அகலச் சுவரில் ரோலர் ஆடினால் யாருக்குத் தெரியும். அதுவரை குற்றமில்லை.

பிறகு மச்சினன் ரோலரை வைத்துவிட்டுச் சின்ன பிரஷை எடுத்தான். மூச்சைப் பிடிப்பது கீழே கேட்டது. இப்போது நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பிரஷ் சுவரைத் தொட்டது. குதிகால் எழும்பியது. தானாக எழும்பியது என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். நின்ற இடத்தில் குதிகால் தானாக எழும்புமா கண்ணுகளா?

கோடு நெளிந்தது. பெரிய நெளிவு இல்லை, புழு ஊர்ந்த அளவு. மச்சினன் நிறுத்தினான். அவன் கீழே பார்ப்பான் என்று எதிர்பார்த்து இவர் ஒரு முகத்தைத் தயாராக வைத்திருந்தார். அவன் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தான். ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தான். மறுபடியும் நெளிந்தது. எரிந்துகொண்டிருந்த இடத்தில் இவருக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றியது போல் இருந்தது. அப்படியொரு சுகம். முழங்கால்கூட வலிக்கவில்லை.

மாலையில் வாளியடியில் பிரஷ் கழுவும்போது மச்சினன் வலது கையை நீட்டி, விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, அப்பாவுக்கு இப்படித்தானே ஆரம்பிச்சுது?"

அவனுடைய அப்பா கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். ஒரு நாள் கை நடுங்கி, சின்னத் திருகாணி ஒன்று விரலில் நிற்காமல் விழுந்தது. கடைசியில் தண்ணீர் டம்ளரைக்கூட மகள்தான் பிடித்துக் குடிக்க வைத்தாள்.

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க. அழுவா" என்றான் மச்சினன்.

இவர் வாயைத் திறந்தார். "வெயில்ல அலைஞ்ச களைப்பா இருக்கும் மாப்ளே" என்ற சொற்கள்தான் வந்தன.

மறுநாள் காலையில் பயிற்சிப் பெண் முழங்காலை மடக்கி, நீட்டி, அழுத்திப் பார்த்தாள். "இனிமே ஒரே ஒரு படி ஏறி இறங்கலாம். ஒண்ணுதான்" என்றாள். இந்த வார்த்தைக்காக அவர் எத்தனை நாள் காத்திருந்தார்! வேலையிடத்துக்குப் போனதும் அதைத்தான் முதலில் சொல்ல நினைத்திருந்தார். அங்கே மச்சினன் புதிதாக வாங்கிய டேப் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு ஒட்டிக்கிறேன் மாமா. கையை நம்ப முடியல."

அவன் ஏணியைப் பார்க்கக்கூட இல்லை. இவர் ஆசைப்பட்டது அதுதானே? வந்துவிட்டது. வந்ததை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"டேப்பை அந்தண்டை வை. வந்து ஏணியைப் பிடி."

"மாமா, கால்..."

"ஒரு படிக்கு உத்தரவு ஆயிடுச்சு. பிடிடா."

அவன் பிடித்தான். இவர் நல்ல காலை முதலில் வைத்து, நொந்த காலை மெல்லச் சேர்த்து, முதல் படியில் ஏறி நின்றார். முழங்கால் நடுங்கி அடங்கியது. தரையிலிருந்து ஒரு முழ உயரம்கூட இருக்காது. ஆனாலும் அறை வேறு மாதிரித் தெரிந்தது. பிரஷைத் தோய்த்து, முகத்துக்கு நேரே வெறும் சுவரில் வைத்தார்.

"பிடிச்சியா மாப்ளே?"

"பிடிச்சிட்டேன் மாமா."

"இப்ப குதிகாலைத் தூக்கு. தூக்கித் தூக்கி இறக்கு."

"எதுக்கு?"

"சொன்னதைச் செய்யேன்."

ஏணியின் தளர்ந்த மூட்டு முனகியது. இவர் மூச்சைப் பிடித்து, ஒரே இழுப்பாக இழுத்தார். பச்சைக் கோடு புழுவாக நெளிந்துகொண்டு போயிற்று. நேற்று மேலே விழுந்த அதே நெளிவு. அந்த நேரத்திலும், அவன் நெளிவைவிட என் நெளிவு கொஞ்சம் அழகு என்று ஒரு நினைப்பு ஓடியது அவருக்கு. மனுஷ மனசு அப்படிப்பட்டது.

அவர் திரும்பவில்லை, பிரஷையும் எடுக்கவில்லை. சுவரில் ஊன்றிய நுனியிலிருந்து ஒரு சொட்டு மட்டும் பிரிந்து நேராகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஏணியின் இரண்டு பக்கமும் பிடித்திருந்த கைகள் இறுகின. நடுக்கமில்லாத கைகள். மச்சினனின் குதிகால்கள் தூக்கியபடியே நின்றன, இன்னும் இறங்கவில்லை.

இவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து போங்கள், விளக்கு வைக்கிற நேரமாயிற்று. உங்கள் வீட்டில் ஏறுகிறவர்களுக்குக் கால் வலுக்கட்டும், பிடிக்கிறவர்களுக்கு நெஞ்சு குளிரட்டும். மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக, ஒருவர் குரலுக்கு ஒருவர் பதில் கொடுத்துக்கொண்டு நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.