யார் மேலே கையெழுத்துப் போடுவது

ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்து நானூற்று எண்பது ரூபாய். வனத்துறை அலுவலகம் மேஸ்திரிக்கும் அவன் ஆட்கள் ஒன்பது பேருக்கும் தரவேண்டிய கூலி அது. கோடைக்கு முன்னால் காட்டுக்குள் தீத்தடுப்புக் கோடு வெட்டப் போனார்கள். லாரி போகிற அகலத்துக்குப் புல்லையும் முள்ளையும் வெட்டி, சருகை வாரி எரித்து, வெறும் மண்ணாக்கிவிட்டு வர இருபத்து நாலு நாள் ஆனது. ஆளுக்கு நாள் கூலி நானூற்று அறுபது. ஒருத்தி மட்டும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் வரவில்லை. அதையும் கழித்துத்தான் இந்தக் கணக்கு. தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் மேஸ்திரி சொல்வான்.

வேலை முடிந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. காட்டில் தீயும் வரவில்லை, கைக்குக் காசும் வரவில்லை.

பணம் இல்லாமல் இல்லை. அது வந்து உட்கார்ந்திருந்தது. எடுப்பதற்கு, நடந்த வேலையைக் குறித்துவைக்கிற அளவுப் புத்தகத்தில் பொறுப்பு அதிகாரி கையெழுத்துப் போடவேண்டும். பொறுப்பு அதிகாரி யார் என்பதில்தான் வந்தது வினை.

இருந்த பெரியவர் பதவி உயர்வில் போய்விட்டார். அவருக்கு அடுத்தபடியில் இரண்டு பேர். இருவரும் கீழிருந்து காலைத் தேய்த்து ஏறி வந்தவர்கள் இல்லை. ஒரே பரீட்சை எழுதி, ஒரே வருடத்தில், நேரடியாக அதிகாரியாகவே எடுக்கப்பட்டவர்கள். இருவரில் மூத்தவர் எவரோ அவர் பொறுப்பைப் பார்க்கலாம் என்று மேலிடம் ஒரு வரி எழுதிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டது. மூத்தவர் எவர் என்று எழுதவில்லை.

ஒருவர் பரீட்சையில் பதினாலாவதாக வந்தவர். ஆனால் மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டதால் பயிற்சிக்குப் பத்தொன்பது நாள் தாமதமாகப் போனார். மற்றவர் முப்பத்தோராவதாக வந்தவர். ஆனால் முதல் நாளே பெட்டியும் படுக்கையுமாகப் போய் நின்றவர். ரேங்க்தான் கணக்கு என்றார் அவர். சேர்ந்த தேதிதான் கணக்கு என்றார் இவர். பணிமூப்புப் பட்டியல் மூன்று தடவை வந்தது. ஒரு தடவை அவர் மேலே, ஒரு தடவை இவர் மேலே, மூன்றாவது தடவை இருவர் பெயரும் விட்டுப் போயிருந்தது. யார் மூத்தவர் என்ற வழக்கு கோர்ட்டில் கிடந்தது. மேஸ்திரியின் ஆட்கள் ஒருவருக்கு ரேங்க்கார ஐயா என்றும் மற்றவருக்குத் தேதிக்கார ஐயா என்றும் பெயர் வைத்துவிட்டார்கள்.

வருகைப் பதிவேட்டில் முதல் வரியில் கையெழுத்துப் போடுவதற்காக இருவரும் போட்டி போட்டுக்கொண்டு சீக்கிரம் வந்தார்கள். ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வாட்ச்மேன் கேட்டைத் திறக்கப் போனால் இரண்டு பேரும் வெளியே நின்றுகொண்டிருந்தார்களாம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

மேஸ்திரி முதலில் பெரிய கிளார்க்கைப் பிடித்தான். பெரிய கிளார்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"நான்தான் பொறுப்புன்னு அவரும் லெட்டர் குடுத்திருக்காரு, இவரும் குடுத்திருக்காரு. ஒருத்தர் கையெழுத்தை வச்சு நான் பில்லை அனுப்பினா இன்னொருத்தர் என் கழுத்துல கைய வைப்பாரு. ரெண்டு பேரும் போடட்டும். அனுப்பிடறேன்."

ரெண்டு பேரும் போடுவதா பெரிய விஷயம் என்று மேஸ்திரி நினைத்தான். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ரேங்க்கார ஐயாவிடம் போனான்.

"போடறேன்பா, எனக்கென்ன. உங்க கூலிய நான் ஏன் நிறுத்தறேன்? ஆனா மேல போடுவேன்."

"சரிங்க ஐயா. அவரு கீழ போட்டுக்கட்டும்."

"அதை அவருகிட்ட கேட்டுட்டு வா."

தேதிக்கார ஐயாவின் மேசை அதே அறையில், நாலு அடி தள்ளி. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். ஆனாலும் மேஸ்திரி வந்து நின்று முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது.

"கீழ போட்டா அவரு எனக்கு மூத்தவர்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. நாளைக்குக் கோர்ட்டுல இந்தப் பக்கத்தைத்தான் நீட்டுவாங்க. உனக்குப் புரியுதா?"

"புரியுதுங்க. பக்கத்துல பக்கத்துல போட்டா?"

"இடப்பக்கம் யாரு?"

மேஸ்திரி புத்தகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தான். இப்படி அந்த நாலு அடியை அவன் எத்தனை தடவை நடந்தான் என்று கணக்கில்லை. வேலைக்குப் போகிற நாளை விட்டுவிட்டு இதற்கு அலைந்ததில் செருப்பு தேய்ந்தது. போகும்போதெல்லாம் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லுவார்கள். தண்ணீருக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

கூலி வராததைவிட அவனைத் தின்றது வேறொன்று. ஆட்கள் அவனைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. ஒன்பது பேரும் அவன் முகத்தை நம்பிக் காட்டுக்கு வந்தவர்கள். அவனே கூலியைத் தின்றுவிட்டான் என்கிற பேச்சை ஆரம்பித்து வைத்ததும் வெளி ஆள் இல்லை, அவன் மனைவியின் தம்பிதான். சாலை ஓரத்தில் அவர்கள் இப்போது ஜல்லி கொட்டுகிற இடத்தில் வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டான்.

"மாமா, அஞ்சு மாசமா ரெண்டு ஆபீசரு ஒரு கையெழுத்துக்கு அடிச்சுக்கறாங்கன்னு சொல்றீங்க. இந்தக் கதைய யாருகிட்ட சொன்னா நம்புவாங்க?"

"வந்து பாரு மாப்ள. நாளைக்கே வா."

"நான் எதுக்கு வரணும்? வீட்டுக்கு ஓடு மாத்தினீங்களே, அது எந்தக் காசு?"

ஓடு மாற்றியது மேஸ்திரியின் மனைவி சீட்டு எடுத்த காசு. அதைச் சொன்னான். எல்லாரும் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பான்.

அன்றைக்கு வந்த ஆத்திரத்தில்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. ஒரே தாளில் மேலே கீழே என்பதுதானே தகராறு. இரண்டு தாளாக ஆக்கிவிட்டால்? அளவையும் ஆள் பெயரையும் நாள் கணக்கையும் எழுத்து எழுத்தாகப் பார்த்து இரண்டு பிரதி எடுத்தான். ஒன்றை ரேங்க்கார ஐயாவிடம் நீட்டினான். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் பெயருக்கு மேலே எந்தப் பெயரும் இல்லை. சந்தோஷமாகப் போட்டார். மற்றதைத் தேதிக்கார ஐயா டீ குடித்துக்கொண்டே போட்டார். பெரிய கிளார்க் லீவில் இருந்தார். தபால் பார்க்கிற பெண் இரண்டையும் ஒரே உறையில் போட்டுக் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாள்.

மேஸ்திரி திரும்பி வரும் வழியில் ஆட்கள் ஒவ்வொருவரையும் பார்த்து, "இந்த வாரம் வந்துடும்" என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

பணம் வரவில்லை, விசாரணைக் கடிதம் வந்தது. ஒரே கோடு, ஒரே அளவு, ஒரே ஆட்கள், ஒரே தேதிகள். அதற்கு இரண்டு அதிகாரிகள் கையெழுத்தில் இரண்டு பில். ஒரு வேலைக்கு இரண்டு தடவை கூலி கேட்டிருக்கிறான் மேஸ்திரி, ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள்.

விசாரணைக்கு வந்தவர் ஒரு அம்மா. சத்தமில்லாமல் பேசுகிறவர். இரண்டு தாளையும் மேசைமேல் அருகருகே வைத்தார்.

"ரெண்டும் உங்க கையெழுத்துலதான் எழுதியிருக்கு?"

"ஆமாங்கம்மா. பில்லு ஒண்ணுதாங்க. ஐயாமாரு ரெண்டு பேரு."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது போல இருந்தது. அடக்கிக்கொண்டார். இரண்டு அதிகாரிகளையும் கூப்பிட்டார். அங்கேயாவது ஒருவர் விட்டுக்கொடுப்பார் என்று மேஸ்திரி நம்பினான். ஏதாவது ஒரு தாளைச் செல்லும் என்று சொன்னால் போதும், கூலி வந்துவிடும்.

ரேங்க்கார ஐயா சொன்னார், "என் தாள்தான் செல்லும். அவருக்குக் கையெழுத்துப் போட அதிகாரமே கிடையாது. எழுதிக் குடுக்கறேன்."

தேதிக்கார ஐயாவும் அதையே சொன்னார், எழுதியும் கொடுத்தார்.

"ஐயா, கோடு வெட்டினோமா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்றான் மேஸ்திரி. "நீங்க ரெண்டு பேரும் ஜீப்புல வந்து பாத்தீங்களே. ஒரே ஜீப்புல."

"வெட்டினாங்க" என்றார் ஒருவர். "நல்லாவே வெட்டினாங்க" என்றார் மற்றவர். அந்த ஒன்றில்தான் இருவரும் ஒத்துப்போனார்கள்.

அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார். "இவருக்கு அதிகாரம் இல்லைன்னு அவரு எழுதிட்டாரு. அவருக்கு இல்லைன்னு இவரு எழுதிட்டாரு. இப்ப என் கையில கையெழுத்தே இல்லாத ரெண்டு தாள்தான் இருக்கு. நான் என்னப்பா பண்றது?"

உத்தரவு வர ஒரு மாதம் ஆனது. அதற்குள் அந்தத் திட்டத்தின் கெடு முடிந்து, வந்து உட்கார்ந்திருந்த பணமும் எழுந்து போய்விட்டது. பெரிய கிளார்க்தான் படித்துச் சொன்னார். வேலை நடந்தது உண்மை. மேஸ்திரி பணம் எதுவும் பெறவில்லை, அவனிடம் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அதிகாரம் பெற்ற கையெழுத்து இல்லாததால் ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்து நானூற்று எண்பது ரூபாய்க்கான கோரிக்கை தள்ளுபடி.

"கேஸ் இல்லாம தப்பிச்சியே, அதை நினைச்சுக்க" என்றார் பெரிய கிளார்க். "ஐயாமாரு வழக்கு எப்பங்க முடியும்?" என்று மேஸ்திரி கேட்டான். "அதைத் தள்ளி வச்சிருக்காங்க" என்று அவர் பதிவேட்டைப் புரட்டப் போய்விட்டார். நாலு அடி இடைவெளியில் இரண்டு ஐயாமாரும் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். யாரும் நிமிரவில்லை.

மேஸ்திரி உத்தரவுக்கு நகல் எடுத்துக்கொண்டு நேரே ஜல்லி கொட்டுகிற இடத்துக்குப் போனான். ஆட்கள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். மச்சினன் கையில் தாளைக் கொடுத்தான். "சத்தமா படி."

மச்சினன் படித்தான். 'மேஸ்திரி பணம் எதுவும் பெறவில்லை' என்ற இடத்தில் குரல் இறங்கியது. "கேக்கல, மறுபடி படி" என்றாள் இரண்டு நாள் வராத அந்தப் பெண். அவன் மறுபடி படித்தான்.

பிறகு அந்தப் பெண்ணே சொன்னாள். "விடுங்கண்ணே. இதுக்குமேல நீங்க என்ன பண்ணுவீங்க. நான் என் கணக்கைக் கிழிச்சுட்டேன்னு வச்சுக்குங்க." மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தலையை ஆட்டினார்கள். விருப்பப்பட்டு ஆட்டியதாகச் சொல்லமுடியாது. பாதிப் பேர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மச்சினன் மட்டும் ஆட்டவில்லை.

"நீங்க திங்கல மாமா. நான் பேசினது தப்பு. எல்லாரு முன்னாலயும் சொல்றேன். ஆனா என்னைக் கூட்டிட்டுப் போனது நீங்க, ஆபீசரு இல்ல. என் பதினோராயிரத்து நாப்பது எனக்கு வேணும்."

"என் தம்பிக்கு ஒரு பைசா குடுக்காதீங்க" என்று வீட்டில் மனைவி குதித்தாள். மேஸ்திரிக்கும் வயிறு எரிந்தது. ஆனால் மச்சினன் சொன்னதில் பிசகு எங்கே என்று தேடினான், அகப்படவில்லை. ஜல்லி வேலையில் வந்ததை மிச்சம் பிடித்து மூன்று தவணையாகக் கொடுத்தான். கடைசித் தவணையில் நாற்பது ரூபாய்க்குச் சில்லறை இல்லை. மச்சினன் அசையாமல் நின்றான். மேஸ்திரி பக்கத்துக் கடையில் மாற்றிக்கொண்டு வந்து, அந்த நாற்பதையும் எண்ணி அவன் கையில் வைத்தான்.