சாலை திறக்கும்வரை

"மெதுவா, மெதுவா... தலை சாயுது பாரு. யாராவது தலையப் பிடிங்கய்யா," என்றார் தலைவர்.

நான்கு பேர் சேர்ந்து மடக்கு நாற்காலியை அதில் உட்கார்ந்திருந்தவரோடு தூக்கி, பள்ளத்தாக்கைப் பார்த்திருந்த முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பி வைத்தார்கள். இடம் சரிவாக இருந்ததால் நாற்காலி ஆடியது. பொருளாளர் ஒரு தட்டைக் கல்லைத் தேடிக் கொண்டுவந்து நாற்காலிக் காலுக்கு முட்டுக் கொடுத்தார். உட்கார்ந்திருந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் இறந்து அரைமணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. உயிரோடு இருந்தபோதும் இந்தக் கூட்டத்தில் அவர் வாய் திறந்தவரல்ல என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

"எதுக்கண்ணே திருப்பறீங்க?" என்றாள் அவர் மனைவி.

"நம்ம சிங்கம் வர்ற நேரம்மா. மாப்ள இதப் பாக்கத்தான இவ்வளவு தூரம் வந்தாரு."

அவள் பதில் சொல்வதென்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதற்கு இப்போது தெம்பில்லை.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். மேலே போவதற்குக் கம்பிக்கயிறு என்று ஒன்றைக் கண்டுபிடித்த பிறகு மனுஷன் எதற்காக மிதித்துச் சாக வேண்டும் என்பது சைக்கிள் பந்தயத்தைப் பற்றி அவருக்கிருந்த ஒரே அபிப்பிராயம். அதையும் வீட்டில்தான் சொல்வார். வெளியே சொல்ல முடியாது. மச்சான், அதாவது அவள் அண்ணன், 'மலைச் சிங்கம்' என்ற சைக்கிள் வீரரின் ரசிகர் மன்றத் தலைவர். மன்றத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர், இரண்டு அமைப்பாளர்கள், ஒரு கௌரவ ஆலோசகர் உண்டு. உறுப்பினர் என்று பார்த்தால் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர்தான். ஆகவே நாற்காலி, குடை, தண்ணீர்க் கேன், பேனர் எல்லாவற்றையும் மலைமேல் சுமந்துவர அவர் ஒருவர்தான் இருந்தார். பேனரில் தலைவரின் முகம் பூசணிக்காய் அளவுக்கு இருக்கும். சிங்கத்தின் முகம் எலுமிச்சை அளவு.

அந்தச் சிங்கத்துக்கு இப்படியொரு மன்றம் இருப்பது தெரியாது. ஒருமுறை தலைவர் கடிதம் போட்டதற்கு, அச்சடித்த கையெழுத்தோடு ஒரு படம் வந்தது. அது தலைவர் வீட்டு வரவேற்பறையில், அவருடைய அப்பா படத்துக்கு மேலே மாட்டப்பட்டது.

இந்த மலைப் பந்தயத்தில் கும்பலாக யாரும் வருவதில்லை. ஒவ்வொருவராகக் கிளம்பி, தன்னந்தனியாகக் கடிகாரத்தோடு மல்லுக்கட்டி, உச்சிவரை மிதிக்க வேண்டும். தரவரிசையில் கடைசி ஆள் முதலில் கிளம்புவான். முதல் ஆள் கடைசியில். ஆகையால் கொஞ்ச நேரத்துக்கு ஒருவன் வாயைப் பிளந்துகொண்டு வருவான். எல்லாரும் கத்துவார்கள். அவன் போய்விடுவான். மறுபடி வெறும் தார்ச்சாலை, வெயில். ஒவ்வொரு வருஷமும் முதலில் வருகிறவன் போனதுமே மெக்கானிக் தன் நாற்காலியைப் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவார். "அடுத்த வருஷம் உங்கண்ணன்கிட்ட வரலன்னு சொல்லிடலாம்," என்பார் இறங்கும்போது. "சொல்லிடலாம்," என்பாள் அவளும். இருவரும் சொன்னதில்லை.

இன்றைக்கும் தூங்குகிறார் என்றுதான் நினைத்தாள். குடை நிழல் நகர்ந்து முகத்தில் வெயில் விழுந்தபோதும் அவர் அசையவில்லை. அப்புறம்தான் தொட்டுப் பார்த்தாள்.

மோட்டார் சைக்கிளில் வந்த பந்தய டாக்டர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மண்டியிட்டுப் பார்த்தார். இளவயசு. "தூக்கத்துலயே போயிருக்கும்மா. வலி தெரிஞ்சிருக்காது," என்றார். எல்லாரிடமும் அதைத்தான் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவளுக்குப் பாதி ஆயுள் போயிருந்தது.

"கீழ கொண்டுபோகணும் சார்."

"பந்தயம் முடியறவரைக்கும் எந்த வண்டியும் கீழ இறங்க முடியாதும்மா. ரோடு மேல போறதுக்கு மட்டுந்தான். ஆம்புலன்ஸ் இருக்கு, ஆனா அது வந்து..."

"உசுரோட இருக்கறவங்களுக்கு," என்றாள் அவள். "தெரியும் சார். நீங்க போங்க, உங்களுக்கு வேலை இருக்கும்."

கடைசியாக வருகிறவன் போனதும் தடுப்புகளைச் சேகரித்துக்கொண்டு ஒரு வேன் மேலே வரும், அதில் ஏற்றச் சொல்கிறேன் என்றார் டாக்டர். உச்சிக்குப் போய், அந்தப் பக்கமாக இறங்க வேண்டும்.

அதிலிருந்து அவள் காத்திருந்தாள். தலைவர் காத்திருக்கவில்லை. பேட்டரி மைக்கை எடுத்தார்.

"அன்பார்ந்த மலைப் பெருமக்களே! இந்த மலை இன்று இன்னொரு மலையை இழந்து தவிக்கிறது..."

பக்கத்துக் கூடாரங்களிலிருந்து பத்திருபது பேர் எட்டிப் பார்த்தார்கள். கீழே விசில் சத்தம் கேட்டது. ஒருவன் வந்துகொண்டிருந்தான். தலைவர் மைக்கை இறக்கிக்கொண்டு மற்றவர்களோடு சேர்ந்து, "போ, போ, விடாத, போ!" என்று கத்தினார். அவன் வளைவில் மறைந்தான்.

"எங்க விட்டேன்?"

"மலையை இழந்து தவிக்கிறது," என்றார் பொருளாளர்.

"ஆங். இழந்து தவிக்கிறது. மறைந்த நம் மாப்பிள்ளை, கடைசி மூச்சிலும் இந்தப் பந்தயத்தையே நினைத்தவர். கடைசியாக அவர் என்னிடம் என்ன கேட்டார் தெரியுமா? 'இன்னும் எத்தனை பேர் மச்சான்?' என்று கேட்டார். அந்தத் தாகம்! அந்த வேட்கை..."

மறுபடி விசில்.

அவர் அதைக் கேட்டது அவள் காதிலும் விழுந்திருந்தது. அந்தக் குரலை அவள் அறிவாள். பல் டாக்டரின் வாசலில், ரேஷன் வரிசையில், மன்றத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் அவர் அதே குரலில்தான் கேட்பார். இன்னும் எத்தனை பேர்.

இரங்கல் உரை இப்படியே தவணை முறையில் நடந்தது. ஒருவன் வருவதற்கும் அடுத்தவன் வருவதற்கும் இடையில் மெக்கானிக் படிப்படியாக வளர்ந்தார். முதலில் தீவிர ரசிகர். பிறகு மன்றத்தின் தூண். அதற்கடுத்த இடைவெளியில் தலைவர் அவரை மன்றத்தின் 'நிரந்தரத் தலைவர்' என்று அறிவித்துவிட்டு, அதன் விளைவைக் கொஞ்சம் யோசித்து, 'நிரந்தரத் துணைத் தலைவர்' என்று திருத்திக்கொண்டார். சிவப்பு மன்றத் தொப்பி ஒன்று அவர் தலையில் ஏறியது. அளவு பெரிதாக இருந்ததால் புருவம்வரை இறங்கிவிட்டது.

"இப்ப ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி. அடுத்த ஆள் வர்றதுக்குள்ள முடிச்சிரலாம்," என்றார் பொருளாளர்.

எல்லாரும் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார்கள். ஆனால் அடுத்தவன் தனக்கு முன்னால் போனவனை எட்டிப்பிடிக்கும் வேகத்தில் இருந்தான் போலிருக்கிறது. மௌனம் பாதியில் இருக்கும்போதே வந்துவிட்டான். வழியெல்லாம் காது கிழியக் கத்திய ஜனம் இந்த ஓரிடத்தில் மட்டும் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்ததும் அவனுக்கு முகம் வெளுத்தது. குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தான். சங்கிலியைப் பார்த்தான். பிறகு தன்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டு மேலே போனான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இதை அவரிடம் சொன்னால் ரசித்துச் சிரிப்பாரே என்று பக்கத்தில் திரும்பினாள். தொப்பிக்குக் கீழே மூக்கு மட்டும் தெரிந்தது.

எழுந்துபோய்த் தொப்பியைக் கழற்றினாள். வியர்வை இல்லாத நெற்றியில் அதன் விளிம்பு ஒரு கோடு போட்டிருந்தது.

"அண்ணே, ஒரு நிமிஷம் வாங்க."

தலைவர் மைக்கோடு வந்தார்.

"அவர பழையபடி திருப்பி வைங்க."

"இரும்மா. டிவிக்காரன் சிங்கத்துக்கு முன்னாடிதான் வருவான். மாப்ளய ஒரு தடவ காட்டிட்டான்னா..."

"அவருக்குப் பந்தயம் பிடிக்காதுண்ணே."

"என்ன சொல்ற?"

"பிடிக்காது. ஒரு வருஷம்கூடப் பிடிச்சதில்ல. நீங்க கூப்பிட்டீங்கன்னு வந்தாரு. உங்க மனசு கஷ்டப்படும்னு வந்தாரு. சாமான் தூக்க ஆள் இல்லன்னு வந்தாரு. வந்து அந்தப் பக்கம் திரும்பித் தூங்குனாரு. நாங்க ரெண்டு பேரும் உங்ககிட்ட சொல்லணும் சொல்லணும்னே இருந்துட்டோம்."

தலைவர் மைக்கின் பொத்தானை அணைத்தார். அது அணைந்துதான் இருந்தது. மறுபடி போட்டு மறுபடி அணைத்தார்.

"அப்ப நான்தான இழுத்துட்டு வந்திருக்கேன்," என்றார் மெல்ல. "காலையில மூச்சு வாங்குதுன்னாரு. வாங்க மாப்ள, மலைக்காத்து சரியாக்கிடும்னேன். இப்ப நான் இத ஒரு... ஒரு பெரிய விஷயமா ஆக்கலேன்னா..."

மைக்கை இரண்டு கையாலும் பிடித்து அவள் முன் நீட்டியபடி நின்றார். சின்ன வயசில் கணக்குப் பரீட்சைத் தாளை அப்பாவிடம் நீட்டும்போதும் அவர் இப்படித்தான் நிற்பார். அவளுக்கு அவரைத் திட்டவும் அலுப்பாக இருந்தது, தேற்றவும் அலுப்பாக இருந்தது.

"நீங்க ஒண்ணும் ஆக்க வேண்டாம்ணே. திருப்பி மட்டும் வைங்க."

அதற்குள் கீழேயிருந்து இரைச்சல் கிளம்பிவிட்டது. "சிங்கம்டோய்!" என்றான் யாரோ. மேலே ஹெலிகாப்டர் வந்தது. மன்றம் முழுக்க, செயலாளர், அமைப்பாளர்கள், கௌரவ ஆலோசகர், பேனர் சகிதம் வளைவை நோக்கி ஓடியது. "தலைவரே, வாங்க, வாங்க!" என்று பொருளாளர் ஓடிக்கொண்டே கூப்பிட்டார். தலைவரின் கால்கள் இரண்டடி அந்தப் பக்கம் போய்விட்டன.

அவள் யாரையும் எதிர்பார்க்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். மனுஷன் இவ்வளவு கனமா என்று இருந்தது. ஒருபக்கம் கிளம்பியது, மறுபக்கம் முட்டுக் கல் வழுக்கியது. நாற்காலி பள்ளத்தை நோக்கிச் சாய்ந்தது. அவள் கத்தக்கூட இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு தாங்கினாள்.

மைக் தார்ச்சாலையில் விழும் சத்தம் கேட்டது. மறுபக்கக் கைப்பிடியை இரண்டு கைகள் பிடித்தன.

"விட்டுறாத பாப்பா. நான் புடிச்சிட்டேன்."

இருவரும் அங்குலம் அங்குலமாக நாற்காலியைத் திருப்பினார்கள். தலைவரின் முதுகு சாலையைப் பார்த்திருந்தது. அந்த முதுகுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள்கள் போயின, கேமராக்காரன் போனான், ஊரே அலறியது. அலறலுக்கு நடுவே ஒரு சங்கிலியின் சன்னமான கிறீச் சத்தமும் ஒருவன் மூச்சிரைப்பதும் மிக அருகில் கேட்டுக் கடந்துபோயின. தலைவர் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் கை தளர்ந்திருக்கும். கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது.

நாற்காலி பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றது. அவர் தன் மேல்சட்டையைக் கழற்றிச் சுருட்டி, மாப்பிள்ளையின் கழுத்துக்கு முட்டுக் கொடுத்தார். வெறும் பனியனில் தலைவர் மிகவும் சாதாரணமாக இருந்தார்.

"போயிட்டானா?" என்று கேட்டார்.

"போயிட்டான்ணே."

"நல்லா மிதிச்சானா?"

"நான் பாக்கல."

அவர் தலையாட்டினார். இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். எதிர் மலையில் மேகத்தின் நிழல் நகர்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் புருஷன் எதைப் பார்த்துத் தூங்கினார் என்பது அவளுக்கும் இன்றைக்குத்தான் தெரிந்தது.

வேன் வந்தது. உள்ளே இரும்புத் தடுப்புகள், நாடாச் சுருள்கள், மூட்டை மூட்டையாகக் காலித் தண்ணீர்ப் பாட்டில்கள். சைக்கிள் மோதினால் அடிபடாதிருக்கக் கம்பங்களைச் சுற்றியிருந்த பஞ்சு மெத்தைகளை விரித்து டிரைவர் இடம் செய்தார். தலை முன்பக்கம், கால் பின்கதவுப் பக்கமாக அவரைக் கிடத்தினார்கள். பொருளாளர் மன்றக் கொடியோடு ஓடிவந்தார். தலைவர் அதை வாங்கி, மடித்து, பொருளாளர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

"பின்னாடி ஒக்காந்தா தூக்கித் தூக்கிப் போடும்மா," என்றார் டிரைவர். "மேல ரொம்பச் செங்குத்து."

"பரவால்ல," என்று அவள் ஏறினாள்.

கடைசி வளைவுகளில் ஜனம் இன்னும் கலையவில்லை. காலையிலிருந்து தட்டிப் பழகிய கைகள், வருவது என்ன வண்டி என்று பாராமலே தட்டின. யாரோ வேனின் தகரத்தில் அறைந்து, "விடாத, போ, போ!" என்றார்கள். வேன் கியர் மாற்றித் திணறியது. மெத்தை மெல்லப் பின்கதவை நோக்கிச் சரிய ஆரம்பித்தது. அவள் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, அவருடைய இரண்டு பாதங்களையும் உள்ளங்கைகளில் தாங்கி, மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.