காரனேஷன் ஹாலின் பண்ணை ராத்திரி

பாதி கேட்ட விஷயத்தின் மீதி தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பக்கத்து வீட்டுச் சண்டையானாலும் சரி, டிராமில் எதிரே உட்கார்ந்தவர் சொல்லி நிறுத்திய கதையானாலும் சரி. ஒரு தடவை கல்மண்டபத்தில் இறங்கிப் போன ஒருவர் பின்னாலேயே ஓடி, "அப்புறம் அந்தப் பொண்ணு இன்னா ஆச்சுங்க?" என்று கேட்டு அடி வாங்கப் பார்த்தேன். முப்பத்திநாலாம் வருஷம் காரனேஷன் ஹாலில் நடந்த கூத்துக்கும் இந்த வியாதிதான் காரணம்.

பகலில் நான் ராயபுரம் லோகோ ஷெட்டில் பிட்டர். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணியானால் காரனேஷன் ஹாலில் கிளாரினெட் வாசிக்கும் ஜார்ஜ். துறைமுகத்துத் துரைமார்களும் ரயில்வே ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் ஜோடி ஜோடியாக ஆடுகிற இடம் அது. கால் வழுக்கிக்கொண்டு போவதற்காகத் தேக்குத் தரை மேல் வெள்ளைப் பவுடர் தூவியிருப்பார்கள். தூவுவது எங்கள் கோதண்டம். புளியந்தோப்பிலிருந்து வருவான், தூவி முடித்துக் கையைத் தட்டிவிட்டு டிரம்முக்குப் பின்னால் போய் உட்காருவான். பாண்டுக்குத் தலைவர் பிடில் ஸ்டானிஸ்லாஸ் அண்ணன். அவ்வளவுதான் நாங்கள், மூன்று பேர்.

மாதம் ஒரு தடவை வேஷ ராத்திரி வரும். ராத்திரி என்று பெயரே தவிர ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடிந்துவிடும். கடற்கொள்ளைக்காரர் ராத்திரி, சீனா ராத்திரி, எகிப்து ராத்திரி என்று வரிசையாக நடத்தினார்கள். பாண்டும் வேஷம் கட்ட வேண்டும். எகிப்து ராத்திரியில் கோதண்டத்தை உடம்பெல்லாம் துணி சுற்றிப் பிணமாக்கி உட்கார வைத்தார்கள், பாவம், பாதி ஆட்டத்தில் துணி அவிழ்ந்து டிரம் குச்சியில் சிக்கிக்கொண்டது. வேஷம்தான் மாறும், பாட்டு மாறாது. அதே ஆறு பாட்டைச் சீனாவிலும் வாசித்தோம், எகிப்திலும் வாசித்தோம். யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் புதிதாக வந்த செக்ரட்டரி வால்டன் துரை. துறைமுகத்துக்கு வரப்போகும் அமெரிக்கச் சரக்குக் கப்பலின் கேப்டனுக்கு விருந்து, அதனால் இந்த மாதம் அமெரிக்கப் பண்ணை ராத்திரி என்றார். அந்த ஊர் மாட்டுப் பண்ணைக்காரர்கள் ஆடுகிற ஆட்டம், அந்த ஊர்ப் பாட்டு. எங்களைத் தன் அறைக்குள் கூப்பிட்டு ஒரு ரெக்கார்டைப் போட்டார். ஒரு பிடில் பறந்தது. அதற்கு மேலே ஒரு ஆள் மூச்சு விடாமல் கத்திக்கொண்டே போனான். பாடவில்லை, பேசவும் இல்லை, கத்தினான். எனக்கு ரயில்வே இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். அவன் கத்தியதில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

"இதேமாதிரி உங்களால் முடியுமா? கத்துகிற ஆளோடு?" என்று கேட்டார் வால்டன்.

"ஆல்ரைட் சார்" என்றார் ஸ்டானிஸ்லாஸ் அண்ணன். அண்ணனுக்கு எதைக் கேட்டாலும் முதலில் ஆல்ரைட். அப்புறம்தான் யோசனை.

வால்டன் மூலையிலிருந்த பெட்டியைக் காட்டினார். ஆள் உயரத்தில் பாதி, வார்னிஷ் மின்னுகிற மின்சார கிராமபோன். "முடிந்தால் சனிக்கிழமைகள் உங்களுக்கு. முடியாவிட்டால் அன்றைக்கே இதைத் திறந்துவைத்துவிடுவேன். அப்புறம் நீங்கள் வர வேண்டாம்" என்றார். மனுஷன் கோபமாகச் சொல்லவில்லை, மணி என்ன என்று சொல்வது போலச் சொன்னார். சினிமா பேச ஆரம்பித்ததும் கொட்டகைகளில் வாசித்துக்கொண்டிருந்த எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கு மிச்சம் இருந்தது இந்த ஹால் ஒன்றுதான்.

வெளியே வந்ததும் நான் கேட்டேன். "அண்ணாத்தே, அந்த ஆளு இன்னா சொல்றான்?"

"எனக்கின்னாடா தெரியும்?"

"அப்ப ஏன் ஆல்ரைட்டுன்ன? உள்ள போயி கேட்டுட்டு வரட்டா?"

"கேட்டியானா தெரியாதுன்னு இப்பவே பொட்டியத் தொறந்துடுவான். பேசாம வா."

பிடில் எங்களுக்குக் கஷ்டமில்லை. அண்ணன் இரண்டு தடவை கேட்டாலே பிடித்துவிடுவார். ஆளைத்தான் என்ன செய்வது? துரை வீட்டம்மாக்களும் அவர்கள் வீட்டுக்காரர்களும் தினமும் சாயங்காலம் அந்த ரெக்கார்டை வைத்து ஆடிப் பழகினார்கள். நாங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டோம்.

"நம்ம மாதா கோயில்ல பிரார்த்தனை சொல்றாங்களே, ஒருத்தர் சொல்ல ஊரே பின்னாடி சொல்லுமே, அது மாதிரி" என்றார் அண்ணன்.

"பின்னாடி எவனும் சொல்லலியே" என்றேன்.

"குடிச்சிட்டுத் திட்டறான் மாமு" என்றான் கோதண்டம்.

"ரெக்கார்டு போட்டு விப்பானாடா திட்டறத?"

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அவன் கத்திய தாளத்தை மட்டும் வாயால் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். எதிரே மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்த என் பெண்டாட்டி சிலுவையம்மாள் நிமிர்ந்தாள். அவள் ராயபுரம் கடற்கரையில் மீன் ஏலம் கூவுகிறவள். கட்டுமரம் கரை தட்டியதும் மீனை மணலில் கொட்டுவார்கள், சுற்றிலும் வியாபாரிகள் நிற்பார்கள், இவள் கூவுவாள். மூன்று தரம் சொல்லி ஒரு பிடி மணலை அள்ளி மீன் மேல் போட்டால் விற்றது விற்றதுதான். அதற்கப்புறம் கவர்னரே வந்தாலும் மாற்ற முடியாது. மணல் விழுந்த பிறகு பேச்சு மாறியவனிடம் அந்தக் கரையில் யாரும் வாங்கவும் மாட்டார்கள், விற்கவும் மாட்டார்கள்.

"இன்னா அது? இன்னொருதபா தட்டு" என்றாள்.

தட்டினேன். மறுநாள் அவளையே ஜன்னலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனேன். இத்தனை வருஷமாக, "உள்ள அப்டி இன்னாதான் பண்றாங்க?" என்று சனிக்கிழமைதோறும் என்னைத் துளைத்தவள் அவள். ஆயாவைத் தவிர நம் பெண்கள் யாரும் அந்த வாசற்படி ஏறியதில்லை. சுவரில் காதை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டாள்.

"ஏலம்யா" என்றாள்.

"நெசமாவா?"

"மூச்சு எங்க வுடறான் பாரு. சொல்லி முடிச்சு வுடல, நடுவுல வுடறான். கடைசீல இயுத்து நிறுத்தறான் பாரு, அது மூணாவது தரம். மாடு விக்கறான்."

மாட்டுப் பண்ணை என்று வால்டன் சொன்னதை நான் அவளிடம் சொல்லவேயில்லை. அப்புறம் சந்தேகம் ஏது? அமெரிக்காவில் பண்ணைக்காரர்கள் ஆடிக்கொண்டே மாடு ஏலம் விடுகிறார்கள். அண்ணனிடம் ஓடிச் சொன்னேன். அவரும் ஆல்ரைட் என்றார்.

"நா வந்து கூவறேன்" என்றாள் சிலுவையம்மாள். "ஆனா சரக்கு இன்னா? சரக்கில்லாம கூவறது அசிங்கம்."

"அங்க வச்சிருப்பாங்கமே. போனா தெரியும்" என்றேன். வேறென்ன சொல்வது?

சனிக்கிழமை அத்திப்பட்டிலிருந்து ஒரு வண்டி வைக்கோல் வந்து இறங்கி, ஹால் முழுக்க மூட்டை மூட்டையாகக் கிடந்தது. துரைமார் கழுத்தில் கைக்குட்டை, அம்மாக்களுக்கு சாக்குத் துணியில் பாவாடை. வைக்கோல் தூசியில் பாதிப் பேர் தும்மிக்கொண்டிருந்தார்கள். நடு ஹாலில் ஒரு மேசை, அதன் மேல் அந்த கிராமபோன் பெட்டி. நாங்கள் தோற்றால் நடத்த வேண்டிய திறப்பு விழாவுக்காக மாலை போட்டு, பக்கத்தில் வால்டன் துரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முன் வரிசையில் அமெரிக்க கேப்டன், பெரிய உருவம், சிவந்த முகம், வாயில் சுருட்டு. அவர் பக்கத்தில் ஹால் தலைவர், வயதான துரை.

சிலுவையம்மாள் கட்டுமரக்காரர்களின் ஓலைத் தொப்பியை வைத்துக்கொண்டு, கண்டாங்கியை வரிந்து கட்டி, வெறுங்காலோடு மேடையேறினாள். ஹால் கை தட்டியது. அதுவும் ஒரு வேஷம் என்று நினைத்துவிட்டார்கள். வால்டன் மட்டும் வாயைத் திறந்தவர் மூடவில்லை. எனக்கோ வாய் காய்ந்து கிளாரினெட் ஊத முடியுமா என்றே தெரியவில்லை. பயந்துபோயிருந்தேன், மறைப்பானேன்.

அண்ணன் வில்லை இழுத்தார். கோதண்டம் சேர்ந்தான். அவள் ஆரம்பித்தாள்.

"வா வா வஞ்சிரம் வா, கண்ணு கலங்கல பாத்துக்க வா, செவுளத் தொறந்து காட்டவா, எட்டு எட்டு எட்டே, எட்டுக்கு மேல எவன்டா வா..."

ஜோடிகள் கிளம்பிவிட்டார்கள். பதினைந்து நாள் பழகிய கால்கள், தாளம் சரியாக விழுந்ததும் தானே நடந்தன. அவள் கடைசியை இழுத்து நிறுத்துகிற இடத்தில் அவர்கள் சுற்றி நின்றார்கள், மறுபடி பிடிக்கிற இடத்தில் கை கோத்துக் கிளம்பினார்கள். ஒரு கட்டத்தில் எல்லா ஜோடியும் கையை மேலே தூக்கி வளைவு பிடித்தது. அவ்வளவு கை ஒன்றாக உயர்ந்ததை சிலுவையம்மாள் கடற்கரையில்கூடப் பார்த்ததில்லை. இத்தனை பேர் விலை கேட்கிறார்கள் என்று அவளுக்கு வெறியே பிடித்துவிட்டது. ஒன்பது என்றாள், பத்து என்றாள், குரல் ஏற ஏற அண்ணன் வேகம் பிடித்தார், ஆட்டமும் பிடித்தது. நான் எப்போது ஊத ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது.

பாட்டு முடிந்து எல்லோரும் மூச்சு வாங்கிச் சிரித்துக் கை தட்டினார்கள். எங்கள் கண்டம் தப்பியது என்று நான் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டேன். அவளோ மேடையை விட்டு இறங்கி நேரே நடு ஹாலுக்கு நடந்தாள்.

"எங்கமே போற?"

"மூணு தரம் சொல்ல வாணாமா? சரக்குதான் மாலையப் போட்டுக்கினு நிக்குதே" என்றபடி, கிராமபோன் பெட்டியின் தலையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். "தொர, ஏலம் வுடட்டுமா?" என்று வால்டனைப் பார்த்தாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வேடிக்கையின் அடுத்த பாகம் என்று நினைத்திருக்க வேண்டும், சுற்றிலும் எல்லோரும் சிரிக்கவே அவரும் சிரித்துத் தலையை ஆட்டினார்.

கேப்டன் சுருட்டை எடுத்துவிட்டு, விரலுக்குப் பத்து ரூபாய் என்று சொல்லி ஒரு விரலைக் காட்டினார். துறைமுக இன்ஜினியர் ஒருவர் இரண்டு காட்டினார். அவள் விரல்களைப் பார்த்துப் பார்த்துக் கூவினாள். எந்த ஊர்க்காரனுக்கும் விரல் ஒன்றுதானே? ஹாலே கூச்சல் போட்டது. கடைசியில் கேப்டன் பத்து விரலையும் விரித்து, மூடி, மறுபடி விரித்தார். இன்ஜினியர் கையை இறக்கிவிட்டார்.

"ஒரு தரம்! ரெண்டு தரம்!" அவள் சுற்றிலும் பார்த்தாள். "மூணு தரம்!" குனிந்தாள். மணல் இல்லை. தரையிலிருந்த வெள்ளைப் பவுடரை அள்ளிப் பெட்டி மேல் போட்டாள்.

கேப்டன் எழுந்து வந்து பாக்கெட்டிலிருந்து நோட்டுக் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். கப்பலில் மாதக்கணக்கில் கடலைப் பார்க்கிற பையன்களுக்கு இது வேண்டும் என்றார். வால்டனின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. "இது வேடிக்கைக்கு! இது ஹாலின் சொத்து!" என்று பதறினார்.

"இன்னாவாம்?" என்றாள் சிலுவையம்மாள்.

சொன்னேன். அவள் முகம் மாறியது. இடுப்பில் கையை வைத்தாள். "மண்ணு போட்டாச்சு. இவுரு தலைய ஆட்டினாரு, அவுரு காச வச்சிட்டாரு, ஊரே பாத்துது. இப்ப இல்லன்னா எப்டி? எங்க கரையில அப்டி சொன்னவன் திரும்பி வரமாட்டான்னு சொல்லுய்யா."

என் ரயில்வே இங்கிலீஷில் சொன்னேன். கேப்டன் சிவந்த முகத்தை இன்னும் சிவக்க வைத்துக்கொண்டு, "என் அப்பாவும் மாடு ஏலம் விட்டவர்தான். எங்கள் ஊரிலும் சொன்னது சொன்னதுதான்" என்றார். எல்லோரும் ஹால் தலைவரைப் பார்த்தார்கள். கிழவர் நோட்டுக் கட்டைப் பார்த்தார், வால்டனைப் பார்த்தார், சிரிப்பை அடக்க முடியாமல், "செக்ரட்டரி தலையாட்டியதை நானும் பார்த்தேன்" என்றார். "அடுத்த பெட்டி சீமையிலிருந்து வரும்போது வரட்டும். இப்போது யார் வாசிப்பது?"

ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் பிடிலைத் தோளில் வைத்தார். "ஆல்ரைட் சார்" என்றார். அவர் கண்ணில் தண்ணீர். வில்லை இழுத்தபோது முதல் சுரம் கொஞ்சம் பிசிறியது.

இடைவேளையில் எனக்குப் பொறுக்கவில்லை. கேப்டனிடம் போய், அந்த ரெக்கார்டில் ஆள் என்னதான் சொல்கிறான் என்று கேட்டேவிட்டேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "ஆடுகிறவர்களுக்கு வழி சொல்கிறான். கை கோர்த்துக்கொள், இடது பக்கம் சுற்று, உன் பெண்டாட்டியிடம் திரும்பிப் போ. அவ்வளவுதான்" என்றார்.

வீட்டுக்கு நடக்கிறபோது கல்மண்டபம் வரைக்கும் அதை மென்றுகொண்டே வந்தேன். சொல்லாமல் இருக்கலாம். ஆனால் பாதியை வயிற்றில் வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியாது. சொல்லிவிட்டேன்.

அவள் நின்றாள். "அப்போ அது ஏலமே இல்லியா?"

"இல்லமே."

திரும்பிப் போய்க் கேப்டனிடம் பெட்டியை வாங்கி வால்டனிடமே கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிடுவாளோ? அவள் நியாயம் அப்படிப்பட்டது. விரலில் ஒட்டியிருந்த வெள்ளைப் பவுடரை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள், முந்தானையில் துடைத்தாள்.

"போட்டாச்சு" என்றாள். "நட."