வந்தான் வரத்தான்

ஜெனிஸ்ரன் கப்பலுக்குப் போய் ஒன்பது மாதம். போன கிழமைதான் அவனை வேறு கப்பலுக்கு மாற்றியிருந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு அவன் மனைவி சுவேதினிக்கு அவனுடைய அழைப்பு வந்தது.

"புதுக் கப்பலில என்ன வேலை தந்தவங்கள்?"

"சரக்கு இறக்கினால் கப்பல் ஆடாமலிருக்க, பாரத்துக்குக் கடல்தண்ணி ஏத்துவம். அடுத்த துறைமுகத்தில அதைத் திறந்துவிட முதல் வடிச்சு, யூவி லைற் அடிச்சு, உள்ளுக்கிருக்கிற நண்டுக்குஞ்சு, மட்டிக்குஞ்சு எல்லாத்தையும் சாக்காட்டுறதுதான் என்ர வேலை."

"பாவமெல்லே?"

"விட்டால் அந்தக் கடலையே பிடிச்சிடுமடி. வந்தான் வரத்தானை உயிரோட இறங்க விடக்கூடாது."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியூரான், நறுவிலிக்குளத்து வயற்காரன், வலை பிடிக்கத் தெரியாதவன் என்று, மீன்பிடி ஊரான பள்ளிமுனையில் அவளுடைய ஆட்கள் கல்யாணத்தன்று தொடக்கம் அவனுக்கு வைத்த பெயரல்லவா அது! அதைப் பொறுக்கமாட்டாமல்தான் அவன் கப்பலேறினான். அவனுடைய சாரத்தை, யாரும் உடுக்காமலே, கிழமைக்கொருக்கால் தோய்த்துக் கொடியில் போடுகிறாள்.

"அங்க என்னவும் செய்யுங்கோ," என்றாள். "இங்க ஒரு வரத்தான் உயிரோட வந்து இறங்கவேணும். இந்தக் கடலை முழுக்கப் பிடிச்சாலும் பரவாயில்லை."