ஒன்பதாயிரத்துக்கு மேலே

சுரேந்தரின் ரேஸ் பைக் எஞ்சினைப் பிரித்துப் பூட்டியது இது எத்தனையாவது தடவை என்று ரிஃபத்துக்கே மறந்துவிட்டது. கேம் ஷாஃப்டை மாற்றினான். வால்வ் ஸ்பிரிங்கை இன்னும் கெட்டியாகப் போட்டான். கார்புரேட்டர் ஜெட்டை மாற்றி மாற்றிப் போட்டுச் சலித்துப்போனான். ஒவ்வொரு முறையும் செட்டிபாளையம் டிராக்கில் ஓட்டிவிட்டு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சுரேந்தர் அதே பாட்டைத்தான் பாடுவான்.

"ஒம்பதாயிரம் வரைக்கும் நல்லாப் போகுதுங் பாய். அதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது."

கோவை கரும்புக்கடையில் ரிஃபத்தின் ஒர்க்‌ஷாப்பை ரேஸ்காரர்கள் தேடி வருவதே, ஆர்.பி.எம் உச்சிக்கு ஏறும்போது அவன் பூட்டித் தரும் எஞ்சின் விடாமல் இழுக்கிற இழுப்புக்காகத்தான். அந்தப் பேர் இந்த ஒரு வண்டியால் கெட்டுவிடும் போலிருந்தது. இடுப்பு விட்டுப்போய், ஸ்பேனரைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது.

இன்று காலை பொறுக்கமாட்டாமல் தானே டிராக்கில் ஏறி ஓட்டினான். நீளமான நேர் பாதையில் மீட்டர் முள் ஒன்பதாயிரத்தைத் தாண்டியது, பத்தைத் தாண்டியது, பதினொன்றில் போய் நின்றது. வண்டி எங்கேயும் இருமவில்லை, திணறவில்லை. போன வருஷம் அந்தப் பாதை முடிந்து திரும்புகிற இடத்தில்தான் சுரேந்தர் விழுந்து தோள்பட்டைக் காறை எலும்பை உடைத்துக்கொண்டான். ரிஃபத்துக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் மாரடித்தது நல்ல எஞ்சினோடு! கோபம் வரவேண்டிய இடத்தில் வெறும் அசதிதான் வந்தது.

மத்தியானம் சுரேந்தரின் அப்பா பொங்கியண்ணன் உடுமலைப்பேட்டையிலிருந்து மகனையும் கூட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கே வந்துவிட்டார். தேங்காய் வியாபாரி. மகன் ரேஸ் என்றால் மண்டியைப் பூட்டிவிட்டு வந்து முன்வரிசையில் நிற்கிற மனுஷன்.

"ஏனுங் தம்பி, கோளாறு எஞ்சின்லீங்களா, எம்பையன்கிட்டீங்களா? ஒண்ணச் சொல்லிப்போடுங்."

சுரேந்தர் தலையைக் குனிந்துகொண்டான். பெற்றவர் முன்னால் ஒருத்தனை எப்படிக் காட்டிக்கொடுப்பது?

"எஞ்சின்லதானுங்ணா," என்றான் ரிஃபத். தன் பேரில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அவனுக்குக் கசந்தது.

"அதான பாத்தேன்! உங்களால முடியலீன்னா உடுங். பெங்களூர்ல ஒருத்தர் இருக்காராமா. இதவிட வேகமாப் போற வண்டியே செஞ்சு குடுக்கறாராமா. நாளைக்கே இவன அங்க கூட்டிட்டுப் போறேன்."

சுரேந்தரின் முகம் வெளிறியது. இவனைக் காப்பாற்றப் போய் இன்னும் வேகமான வண்டியில் தூக்கி வைத்துவிட்டோமே என்று ரிஃபத்துக்குத் தோன்றியது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். சுரேந்தர் முந்திக்கொண்டான்.

"வேண்டாமுங்ப்பா. எஞ்சின்ல ஒண்ணுமே இல்லீங். நாந்தான் ஆக்ஸிலேட்டர்ல கையத் தளத்திப்போடறேன். அந்த எடம் வந்தாலே பயமா இருக்குதுங்."

ரிஃபத் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இனி பிரிக்க ஒன்றும் இல்லை.

பொங்கியண்ணன் ஓரடி முன்னால் வந்தார். மகனின் தோளில் கை வைக்கப் போனவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். எலும்பு உடைந்தது எந்தப் பக்கம் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

"எந்தப் பக்கம் கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எடதுங்ப்பா," என்றான் சுரேந்தர்.